பலம் போகும் வழி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கௌபாய் படங்களில் வரும் லீவர் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி 1873-இல் கொண்டுவந்த மாடல் அது. தோட்டா சின்னது, பெரிய மிருகங்களுக்குப் போதவில்லை. கம்பெனி என்ன செய்தது? அதே அமைப்பைப் பெரிசாக்கி 1876 மாடலைப் போட்டது. வெடிக்கும்போது பின்பக்கத்தைத் தாங்கும் பூட்டு பழையதுதான்; முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இணைப்பு. அப்படியும் ராணுவத்தின் 45-70 தோட்டாவுக்கு நீளம் பற்றவில்லை.

ஜான் பிரௌனிங் அந்த இணைப்பையே தூக்கிவிட்டார். செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு இரும்புக் கட்டைகளால் பூட்டினார். 1886 மாடல் 45-70-ஐ ஏற்றது.

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் 1876 வழியில்தான் போனேன். ஒரு மெஷினுக்குப் பெரிய மோட்டார் மாட்டினேன். ஷாஃப்ட், கீ எல்லாம் பழசு. மூன்றாம் நாள் கீ அறுந்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை. வயதான ஃபோர்மேன் கேட்டார்: "தம்பி, பலத்தை ஏத்தினீங்களே, அது போற வழியைப் பாத்தீங்களா?"

மாணவர்களே, டிராயிங்கில் கை வைக்குமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.