ஆய்விதழுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் போற்றிப் பேசுவது மரபு. அதனை நமக்கு முன் பேசியோர் குறைவின்றிச் செய்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் கழகத்தின் இலக்கிய ஆய்விதழை இதுகாறும் நடத்திவந்த ஆசிரியர் முதுமை காரணமாக விடைபெற விரும்புகிறார். அவரிடத்தில் யாரை அமர்த்துவது? "இடம் காலியென்று விளம்பரம் செய்தால் ஆள் வரும்" என்பார் சிலர். நம் மக்கள் நடத்திய இதழ்களின் வரலாறு அறிந்தோர் இதனை அவ்வளவு எளிதாகக் கொள்ளார்.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே முகப்பில் பொறித்த இதழ் அது. 1900இல் அவர் கடல் கடந்து சென்றார், இதழும் நின்றது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழ'னை வெளியிட்டார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. வாரந்தோறும் வந்த அவ்விதழில் திருக்குறளுக்கும் ஔவையார் நூல்களுக்கும் அவர் கண்ட புத்துரைகள் வெளிவந்தன. 1914 மே மாதம் அவர் மறைந்தார். மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார், பின்னர் மௌனம். கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பியது 1926இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எழுதப்படாமலே போன கட்டுரைகளை இனி யார் எழுதித் தரப் போகிறார்கள்?

அண்ணல் அம்பேத்கரின் அனுபவமும் இதுவே. 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' மராத்தி இதழ் வெளிவந்தது. கோலாப்பூர் சாகு மகாராஜா பொருளுதவி செய்தார். அவ்வாண்டே அண்ணல் படிப்பைத் தொடர இலண்டன் சென்றார். இதழ் தள்ளாடி 1923இல் நின்றுபோயிற்று.

இவற்றோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் இரா. இராகவையங்கார், பின்னர் மு. இராகவையங்கார் என ஆசிரியர் மாறினர். இதழ் மாறாது வந்தது. அதன் பின்னே சங்கம் இருந்தது, நூல்நிலையம் இருந்தது, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவு இருந்தது. பண்டிதருக்குப் புலமையில் என்ன குறை? அவருக்குப் பின்னே நிலமும் நிதியும் இல்லை, அவ்வளவே. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய 'தமிழன்' படிகளைக் கண்ணாகக் காத்திராவிடில், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம் கைக்கு வந்திராது.

ஆகவே இதழைத் தனி ஒருவரின் தோளில் ஏற்றிவைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். புதியவர் இரண்டாண்டுகள் இப்போதைய ஆசிரியரின் அருகிலிருந்து பழகட்டும். அவருக்கு மதிப்பூதியம் தரவேண்டும். "தொண்டுக்குக் கூலியா?" என்று நம்மிடம் ஒரு பெரியவர் கேட்டார். கூலியில்லாத் தொண்டு வசதியுள்ளோர்க்கே இயலும், ஐயா. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, தம்பி தங்கையரின் பள்ளிச் செலவைத் தாங்கும் பெண் எவ்வாறு இரவெல்லாம் மெய்ப்புத் திருத்துவாள்?

பெரும்பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவரை வெளியிலிருந்து அழைப்போம் என்ற கருத்தும் எழுந்துள்ளது. பட்டத்தின்மேல் நமக்குப் பகையில்லை. ஆயின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். ஒப்பாரியைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. பாடிய மூதாட்டியை 'தகவலாளி' என்று மட்டும் குறித்திருக்கிறார் எழுதியவர். 'அந்த அம்மையாரின் பெயர் என்ன? அவர் பெயரை அச்சிட அவர் இசைவு தந்தாரா?' என்று கேட்கத் தோன்றுகிறவரே நம் ஆசிரியர். நம் முன்னோர் மன்னராய் இருந்தனர் என்று மற்றொரு கட்டுரை மகிழ்ந்து கூறும். சான்று கல்வெட்டிலா, செப்பேட்டிலா என்று அவர் தேடிப் பார்க்கவேண்டும். இல்லையெனில் அதனைத் திருப்பி அனுப்பவேண்டும். நம்மைப் புகழும் கட்டுரையைத் திருப்புவதே இப்பணியில் மிகக் கடினமானது. உறவினர் கோபிப்பர், நன்கொடையாளர் முகம் சுளிப்பர். அப்போது கழகம் ஆசிரியர் பக்கம் நிற்குமா என்பதை உறுப்பினர்கள் இங்கேயே முடிவு செய்யவேண்டும். அந்த உறுதி இல்லாமல் எவரையும் இப்பணிக்கு அழைப்பது முறையன்று.

ஔரங்காபாத்தில் கங்காதர் பாண்டவனே 'அஸ்மிதாதர்ஷ்' காலாண்டிதழைத் தொடங்கி, 2018இல் மறையும்வரை நடத்தினார். அரை நூற்றாண்டு! மராத்தித் தலித் எழுத்தாளர் பலருக்கு அது முதல் வாயிலாயிற்று. அவர் வந்த கட்டுரைகளை அச்சிட்டதோடு அமையாமல், எழுத்தாளர் கூட்டங்களையும் நடத்தினார். நமக்கும் அத்தகையவரே தேவை. தேர்வாளர்களுக்குக் கட்டுரை அனுப்புகையில் எழுதியவர் பெயரை மறைத்துவைக்கும் நேர்மையும் தேவை.

விண்ணப்பிக்க விரும்புவோர் சான்றிதழ்க் கட்டுகளைச் சுமந்து வரவேண்டாம். பிழைகளும் நல்ல கருத்தும் கலந்த ஒரு கட்டுரையைக் கழக நூலகத்தில் தருவோம். அதனைத் திருத்தி, எழுதியவருக்கு நீங்கள் விடுக்கும் கடிதத்தையும் இணைத்து ஒரு மாதத்திற்குள் கொடுங்கள். முதலில் அந்தக் கடிதத்தையே படிப்போம்.