சாதி சொல்லி எழுப்பாதீர்கள்



நல்ல நாளும் அதுவுமாகச் சாதிப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இன்று பி.எட். பட்டம் பெறும் நீங்கள் நாளை நுழையப்போகும் வகுப்பறையில் சாதி உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

சதாராவில் படித்த சிறுவன் பீமராவ் அம்பேத்கர், உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டுபோக வேண்டும். மாலையில் சுருட்டி எடுத்துவர வேண்டும். வகுப்பைப் பெருக்குகிற ஆள்கூட அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் திறந்துவிடப் பியூன் வர வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவன்தான் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்து, 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தார். தங்க இடம் தருவார் இல்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். படித்துவிட்டால் சாதி போய்விடும் என்று மேடைதோறும் சொல்கிறோமே, அம்பேத்கரைவிடப் படித்தவர் யார்? எதிர்த்து நிற்கத்தான் அந்தப் படிப்பு அவருக்கு உதவியது. 1927இல் மகாடில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, அதுவரை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

1950இல் அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படிப்பவர்கள் தரும் சாதித் தொல்லையைப் பள்ளியில் சொன்ன ஒரு பிளஸ் டூ மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. கை தேறாத நிலையில், தான் சொல்ல இன்னொருவர் எழுத, பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தார் அந்த மாணவர். ஊரே பாராட்டியது. அந்தப் பாராட்டில் ஆசிரியர்களாகிய நமக்குக் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. அறிக்கையை முழுதாகப் படியுங்கள், பி.எட். பாடப்புத்தகத்தைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

உதவித்தொகைப் படிவம் வருகிற நாளை எண்ணிப் பாருங்கள். மதியத்துக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும். “எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க” என்கிறார் ஆசிரியர். அவருக்குக் கெட்ட எண்ணம்கூட இல்லை, அவசரம்தான். ஏழெட்டுப் பேர் எழுகிறார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பையும் பொரியலையும் மாற்றிக்கொண்டவனுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிகிறது. மறுநாளிலிருந்து அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போகிறான். அரசு கொடுத்த உதவித்தொகையை வைத்தே ஒரு பிள்ளையைத் தனியாக்கிவிட முடிகிறது. தலைமையாசிரியர் அறைக்கு ஒவ்வொருவராக அழைத்துப் படிவம் வாங்கினால் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம், டீ வாங்கிவர எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம் என்பதையும் கவனியுங்கள். யாரையுமே கூப்பிடக் கூடாது என்பது வேறு விஷயம்.

என்றாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, “சார், என்னைச் சாதி சொல்லித் திட்டுறாங்க” என்று சொல்லும். “அதையெல்லாம் கண்டுக்காதே, போய்ப் படி” என்று அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்கே எழுதி வாங்குங்கள், மேலே கொண்டுபோங்கள். சொன்ன பிள்ளை அன்று பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.