வெளிச்சம் தந்த அண்ணனுக்கு வீரவணக்கம்!

(சுந்தரபாண்டியத்தில் நடந்த நினைவேந்தல் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியது)



அண்ணன் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. தோளில் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், பழைய சைக்கிள். அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர்ல அவர் கை படாத சுவிட்ச் போர்டு எத்தனை வீட்டுல இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!

நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். நாலு வருஷம் கல்லூரியில கத்துக்கிட்டதை விட, அவர்கூட நின்ன நாலு நாள்ல கத்துக்கிட்டது அதிகம். தறிக்குழிக்கு மேல லைட் மாட்டும்போது சொன்னார்: "தம்பி, நெசவு பண்றவங்க கால் குழிக்குள்ள ஈர மண்ணுல இருக்கும். இங்க ஒயர் பிஞ்சு தொங்கினா உயிர் போயிரும். எர்த் இல்லாம நான் லைன் குடுக்க மாட்டேன்."

எம்சிபி இருந்தா போதும்னு நாம நினைக்கிறோம். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. 30 மில்லியாம்பியர் கசிஞ்சாலே லைனைத் துண்டிச்சிரும். இதை வீடு வீடா சொன்னவர் அவர். "சித்திரையில எர்த் குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க"ன்னு ஞாபகப்படுத்திட்டே போவார். காசு கேட்டா, "கூலி வாங்கினதும் குடுங்க, எங்க ஓடிப்போறீங்க"ம்பார்.

இன்னைக்கு கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். அது அரசோட திட்டம். ஆனா அந்த மின்சாரம் ஆபத்தில்லாம தறி வரைக்கும் வந்து சேர, அவரை மாதிரி ஒரு ஆள் வேணும்.

ஒரு விஷயத்தை மனசு கேட்காம சொல்றேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல எலக்ட்ரீஷியனும் பதிவு பண்ணலாம். 18 வயசுல இருந்து 60 வரைக்கும். பிள்ளைங்க படிப்புக்கு உதவி, விபத்துக்கு நிவாரணம், இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை, 60க்கு மேல ஓய்வூதியம் எல்லாம் இருக்கு. "பதிவு பண்ணுங்கண்ணே"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். "வேலை கிடக்கு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்"னார். மூணாவது தடவை நானே போனைத் திறந்து உட்கார்ந்திருக்கணும். உட்காரலை. ஊருக்கே பாதுகாப்பு சொல்லிக் குடுத்தவர் குடும்பத்துக்கு இன்னைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதுல எனக்கும் பங்கு இருக்கு.

அதனால ஒரு உறுதி. வர்ற ஞாயிற்றுக்கிழமையில இருந்து நம்ம அணித் தம்பிகள் லேப்டாப்போட வார்டு வார்டா உட்காருவோம். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார், பெயிண்டர், சித்தாள் யாரா இருந்தாலும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துட்டு வாங்க. எந்தக் கட்சின்னு கேட்க மாட்டோம். அண்ணனும் யார் வீட்டு பீஸ் போனாலும் கட்சி கேட்டு ஏணி வச்சதில்லை.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் சுவிட்சைப் போடும்போது ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்கோங்க.

அண்ணனுக்கு வீரவணக்கம்! வீரவணக்கம்!

பகிருங்கள் தோழர்களே. உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

#சுந்தரபாண்டியம் #நினைவேந்தல் #தொழிலாளர்_நலவாரியம்