எட்டாவது வழங்கி



ஒரு தொழிலைப் பல வழங்கிகள் பகிர்ந்து செய்யுமிடத்து, ஒவ்வொன்றிலும் எந்நிரல் உள்ளது, எவ்வமைவு உள்ளது என்பதைத் திருத்தமாக அறிந்திருத்தல் வேண்டும். எளிய செய்திதான். ஆயினும் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் அதனை அறியாதிருந்தது. 2012 ஆகசுட்டு 1ஆம் நாள், முக்கால் மணி நேரத்தில் அதற்கு 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது.

நியூயார்க்குப் பங்குச்சந்தை அன்று தொடங்கவிருந்த ஒரு திட்டத்திற்கென எழுதிய புதுநிரலை, அந்நிறுவனம் தன் எட்டு வழங்கிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறிற்று, ஒன்றில் ஏறவில்லை. பணியாளர் ஒருவர் படியெடுக்கத் தவறினார். அவரைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நெறியே அங்கில்லை.

விடுபட்ட வழங்கியில் என்ன கிடந்தது? 'பவர் பெக்' என்னும் பழநிரல். 2003ஆம் ஆண்டிலேயே அதன் பயன்பாடு நின்றுவிட்டது. ஆனால் ஒருவரும் அதனை அகற்றவில்லை. கேட்ட அளவு பங்கு கிடைத்ததும் எண்ணி நிறுத்தும் பகுதியை 2005இல் நிரலின் வேறோர் இடத்திற்கு மாற்றினர்; அதன்பின் பழநிரலை ஆய்ந்து பார்க்கவுமில்லை. இவற்றினும் கொடிது, பழநிரலை எழுப்பிவந்த குறியையே புதுநிரலுக்கும் குறியாக்கியது. ஒரே குறி, ஏழு வழங்கிகளில் ஒரு பொருள். எட்டாவதில் வேறு பொருள்!

சந்தை திறந்தது. எட்டாவது வழங்கி, தன் பெயருக்கேற்ப வாரி வழங்கிற்று. நிறுவனத்திற்கு வந்தவை 212 சிற்றாணைகள், முடிந்த கொள்வனவு விற்பனைகளோ 40 இலக்கத்திற்கு மேல், கைமாறியவை 39.7 கோடிப் பங்குகளுக்கு மேல். சந்தை திறக்குமுன்பே பழநிரலின் பெயர் சுட்டி 97 மின்மடல்கள் வந்திருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, எவரும் பொருட்படுத்தவில்லை.

பதற்றத்தில் செய்த மருத்துவம் நோயினும் கொடிதாயிற்று. நன்றாயிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் புதுநிரலை நீக்கினர். அவற்றிலும் பழநிரல் விழித்துக்கொண்டது!

கருவி இல்லாத காலமா அது? அன்று. வழங்கி ஒவ்வொன்றும் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்து, அவ்வெழுத்தோடு ஒவ்வொன்றும் தன்னை ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும் முறைக்கு, ஆசுலோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெசு 1993இலேயே சி.எஃப்.எஞ்சின் என்னும் மென்பொருளால் வழிகாட்டியிருந்தார். அம்முறையில், விடுபட்ட வழங்கி அடுத்த ஒப்பீட்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையம் 1.2 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதற்குள் அந்நிறுவனம் கெட்கோ என்னும் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டிருந்தது.