பிள்ளைகளும் இல்லப் பணியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரில் நம் வீடுகளில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், அழைத்த குரலுக்கு ஓடிவரும் சுற்றம் இருந்தது. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நமக்கு அத்துணை இல்லை. தாராவியின் ஓரறை வீடாயினும், மாட்டுங்கா, செம்பூர் மாடி வீடாயினும், குழாயில் தண்ணீர் வரும் வேளையில் தொடங்கும் தாயின் உழைப்பு, இரவில் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்த பின்னரே ஓய்கிறது. அந்தச் சுமையை வீட்டிலுள்ள அனைவரும் பகிர்தல் வேண்டும், பிள்ளைகளுந்தான்.

"சொன்னால் கேட்பதில்லையே!" என்று வருந்தும் பெற்றோர் பலர். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1910ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், ஜோகானஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், நண்பர் கல்லன்பாக் அளித்த நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களுள் தமிழரும் இருந்தனர். பண்ணையில் வேலைக்காரர் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை அனைத்தையும் அங்கிருந்தோரே செய்தனர். சிறுவரும் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். ஆயினும் ஒரு விதி இருந்தது: ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளுக்கு இடலாகாது. ஆசிரியரும் உடன் நின்று உழைத்தமையால் பிள்ளைகள் மகிழ்வோடு கற்றனர் என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

நம் இல்லங்களில் அவ்விதி உண்டா? 2019ஆம் ஆண்டு நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபட்ட ஆணோ 97 நிமிடமே! தந்தை செய்தித்தாளை விரித்து அமர்ந்திருக்க, "தட்டைக் கழுவு" என்றால் மகன் எழுவானா? "அண்ணன் படிக்கிறான், நீ வா" என்று மகளை அழைக்கிறோம். அவளுக்கும் நாளை தேர்வு உண்டென்பதை மறந்துவிடுகிறோம்.

ஐந்து வயதுக் குழந்தை செருப்புகளை வரிசையாக அடுக்கலாம். எட்டு வயதில் துணி மடிக்கலாம். பத்து வயதில் அரிசி களையலாம். மடிப்புக் கோணலாயின் கடியாதீர்கள். குழந்தையின் கண்முன்னே அதைப் பிரித்து மீண்டும் மடிக்கவும் வேண்டா. தன் உழைப்பு வீண் என்று அது எண்ணிவிடும். காசு காட்டி வேலை வாங்குதலும் நன்றன்று; குடும்பம் கூலிக்களம் அன்றே!

இன்றிரவு விழா முடிந்து இல்லம் சேர்ந்ததும், உண்ட தட்டைத் தந்தை தாமே எடுத்துக் கழுவட்டும். அறிவுரை ஏதும் வேண்டா. இன்றில்லாவிடினும் சில நாளில், தன் தட்டோடு மகன் அருகில் வந்து நிற்பான்.