நாட்காட்டி தந்த ஓவியம்

ஏலகிரி மலையில் நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு முருகன் படம் தொங்கிற்று. ஆம்பூர்க் கடையொன்று வழங்கிய நாட்காட்டி அது. ஆண்டு முடிந்ததும் என் அன்னையார் தேதித்தாளை நீக்கிவிட்டு, படத்தைச் சட்டமிட்டுப் பூசையில் வைத்தார். கடையின் பெயர் எனக்கு மனப்பாடம். வரைந்தவர் பெயரையோ நான் தேடியதே இல்லை.

இத்தகைய படங்களுக்கு வழிகாட்டியவருள் ஒருவர் கொண்டைய ராஜு என்பதைப் பின்னரே அறிந்தேன். 1898-இல் பிறந்த அவர், நாடகத் திரைகள் தீட்டி, கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களை உருவாக்கினார். அவர்தம் ஓவியங்களைச் சிவகாசி அச்சகங்கள் அச்சிட்டன. வணிகர்கள் தம் பெயர் பொறித்து வழங்கினர். வணிகம் விளம்பரம் பெற்றது. ஏழையின் குடில் ஓவியம் பெற்றது. 1976-இல் அவர் மறைந்தார்.

இனி, படத்தின் மூலையிலுள்ள சிறு கையெழுத்தையும் படியுங்கள். கலைஞனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.