மீன் பிழைச்சா போதுமா?

போன மாசம் அப்பாவை சி.டி. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கையில கான்ட்ராஸ்ட் ஊசி போட்டாங்க. முடிஞ்சதும் நர்ஸ் சொன்னாங்க: "நிறைய தண்ணி குடிங்கப்பா, மருந்தெல்லாம் யூரின்ல போயிடும்." அப்பா தலையாட்டினார். எனக்குத்தான் ஒரு கேள்வி. போயிடும், சரி. எங்க போகும்?

அது அயோடின் கலந்த மருந்து. ஸ்கேன்ல ரத்தக் குழாய் தெளிவாத் தெரியணும், ஆனா உடம்புக்குள்ள அது எந்த வினையும் செய்யக் கூடாது. அப்படித்தான் அதைத் தயாரிக்கிறாங்க. சிறுநீரகம் நல்லா இருந்தா, ஒரே நாளில் கிட்டத்தட்ட முழுசும் உருமாறாமல் வெளியே வந்துடும். சிக்கலும் இந்தக் குணத்தில்தான் இருக்கு. உடம்பு சிதைக்காததை, சுத்திகரிப்பு நிலையத்து பாக்டீரியாவும் லேசில் சிதைக்காது. அதனால பெரும்பகுதி அப்படியே ஆத்துக்குப் போகுது.

நம்ம விதி என்ன சொல்லுது? 2016-ல வந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகளில், ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கு ஒரு மீன் சோதனை இருக்கு. அந்தத் தண்ணியில் மீனை விடணும்; 96 மணி நேரம் கழிச்சு 90 சதவீதம் உயிரோட இருக்கணும். கூடவே எண்ணெய், பி.ஓ.டி., சி.ஓ.டி. எல்லாம் பார்ப்பாங்க. ஆனா எந்த மருந்துக்கும் தனியா ஒரு வரம்பு கிடையாது.

கான்ட்ராஸ்ட்டால மீன் நாலு நாளில் சாகப்போறதில்லை. சரி, அதே குழாயில் வர்ற ஆன்டிபயாடிக்? அந்த மிச்சத்துலயே பிழைக்கப் பழகின பாக்டீரியா, மருந்துக்கு அடங்காததா பெருகும். நாளைக்கு அது நம்ம வீட்டுல ஒருத்தருக்குத் தொத்தினா, வழக்கமான மருந்து வேலை செய்யாது. மீன் பிழைச்சிடும்; ஆபத்து நமக்குத்தான்.

வழி இல்லாம இல்லை. ஜெர்மனியில் ரூர் ஆத்துத் தண்ணியைத்தான் பல ஊர்கள் குடிக்குது. அந்த ஆத்தங்கரையில் இருக்கிற மியூல்ஹைம் நகரத்தில், ஸ்கேன் முடிஞ்சவங்களுக்கு சிறுநீர்ப் பை கொடுத்துப் பார்த்தாங்க. பைக்குள்ள இருக்கிற பொருள் சிறுநீரை உறிஞ்சிக்கும். அதைக் குப்பையோட போட்டா, எரிச்சிடுவாங்க. சாக்கடைக்கே போகாது.

ஸ்கேன் எடுக்காதீங்கன்னு நான் சொல்லலை. அப்பாவுக்கு அது தேவைப்பட்டுச்சு. ஆனா ஆஸ்பத்திரிகிட்டயும் அரசுகிட்டயும் ஒண்ணு கேட்கலாம்: மீனைப் பார்க்கிறீங்க, மருந்தை எப்போ பார்ப்பீங்க?